ஸ்போர்ட்ஸ் காருக்கு உழவு மெசின் மட்காட்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: என்னுடைய பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கு உழவு மெசினின், அதாவது டிராக்டரின், டயருக்கு மேல் மூடும் மட்காட்டை வெட்டி ஒட்டினேன். வெல்டிங் பற்றி நிறைய வாசித்துவிட்டு ஒட்டினேன் என்பது கூடுதல் அவமானம்.

வினை, அகலமான டயர் வாங்கியதில் தொடங்கியது. நாலு டயரும் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவற்றை மூட மட்காட்டைப் புடைப்பாக்க வேண்டும். கொக்கட்டிச்சோலையில் வயல் செய்யும் மச்சானிடம், மெசினிலிருந்து கழற்றிப்போட்ட ஒரு சோடி கிடந்தது. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் நாலு டயருக்கும் காணும். ஏற்கெனவே வளைந்த தகடு. வளைக்கும் வேலை மிச்சம் என்று மகிழ்ந்தேன்.

கெடு வைத்தது மனைவி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவளுடைய வீட்டில் குடியிருப்பவன். இப்போது அந்த வீடு, கலியாணம் நிச்சயமான மகளுக்குச் சீதனமாகப் போகிறது.

"கலியாணத்துக்கு முதல் இது தன்ர சில்லில ஓடி வெளிய போகணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரனக் கூப்பிடுவன்" என்றாள், முற்றத்தில் நின்ற காரைக் காட்டி.

அவளுடைய தம்பியான மச்சான் இரங்கினான். "ஓடி வந்தா நெல்லு வைக்கிற கொட்டில்ல இடம் தாறன். கட்டி இழுத்துக்கொண்டு வந்தா என்ர மானம் போயிரும்."

மெசின் தகடோ தடிப்பு, காரின் தகரமோ அப்பளம். தகட்டுக்கு ஏற்ற சூடு வைத்தால் தகரம் ஓட்டையாகும். சூட்டைக் குறைத்தால் ஒட்டாது. ஓட்டையை அடைக்கப்போனால் ஓட்டை பெரிதாகும். பொட்டுப் பொட்டாக, ஆறவிட்டு வைக்க வேண்டும் என்று வாசித்தது, கொடியில் காய்ந்த சேலையில் பொறி விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பார்க்க வந்த மச்சான் காரைச் சுற்றி நடந்தான்.

"இதென்ன மச்சான், காருக்கு மட்காட் போடுறியா, மட்காட்டுக்குக் கார் போடுறியா?"

"வாயை மூடிற்று அந்தப் பக்கத்தப் பிடிகா."

பிடித்தான். ஒட்டியது. கலியாணத்துக்கு முந்திய கிழமை, செந்நிற அடிப்பூச்சோடு கிளம்பினேன். பள்ளத்தில் விழும்போதெல்லாம் டயர் தகட்டில் உரசி ரப்பர் மணத்தது. வாவிப் பாலத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர் வீச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் ராசா மாதிரி தலையசைத்தேன். கார் ஓரிடத்திலும் நிற்காமல், தன் சில்லிலேயே மச்சானின் கொட்டிலுக்குள் போய் நின்றது.

உடனே மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"வந்து சேந்திட்டன்! ஒருத்தரும் தள்ளயில்ல!"

"நல்லம்" என்றாள். "வரக்குள்ள பஸ்ஸில வாங்க."