வலி போகும்வரை செருப்பில்லை

என் மகள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் மதுரையில் அவளுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்தது. எலும்பு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் எங்களுக்குத் தெரியவில்லை. வளர வளர ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியது, வலியும் கூடியது. பள்ளிக்கூடத்தில் கடைசி மணிவரை உட்கார முடியாமல் சுவரோரம் நின்றே பாடம் கேட்பாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். "வளைவு மேல கூடாம இருக்கத்தாம்மா இந்த ஆபரேஷன். கம்பி வச்சு நிமிர்த்துறோம். வலி குறைய நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா சுத்தமா போயிரும்னு என்னால சொல்ல முடியாது."

தெளிவாகத்தான் சொன்னார். குறையும் என்பது வரைக்குமே என் காதில் ஏறியது. அன்று சாயங்காலமே இருக்கன்குடி மாரியம்மனை நினைத்து நேர்ந்துகொண்டேன். "ஆத்தா, எம்பிள்ளைக்கு வலி சுத்தமா போற வரைக்கும் நான் காலுக்குச் செருப்பு போட மாட்டேன்."

நான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுருட்டுகிறேன். தரையில் உரசிப் பொறி பறந்துவிடக் கூடாதென்று கம்பெனிக்குள் யாருக்கும் செருப்பு கிடையாது, வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். என் வேண்டுதல் தெரிந்ததும் கூட வேலை செய்யும் பெண்களுக்கு ஒரே சிரிப்பு.

"மதினி வேண்டுதலு ரொம்பச் சுளுவு. பாதியைக் கம்பெனிக்காரரே நிறைவேத்திக் குடுத்துருதாரு."

"சும்மா இருங்க. வேன் நிக்கிற இடத்துல இருந்து வீடு வரைக்கும் நடந்து பாருங்க, அப்பத் தெரியும்" என்றேன் நானும் சிரித்துக்கொண்டே. அந்த வைகாசியில் தார்ரோடு கால் வைக்க விடவில்லை. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து உடைந்து காய்த்துப்போனது. சாயங்காலம் நான் காலைக் கழுவும்போது மகள் கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார். வலிக்கு மார்க் போடலாம் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. முதல் நாள் ஒன்பது. வீட்டுக்கு வரும்போது ஐந்து. வந்த பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

"எம்புட்டு தாயி?"

கண்ணை மூடி, உள்ளே யாரோ பதில் சொல்லப்போவது மாதிரிக் காத்திருந்து சொல்லுவாள். "நாலு. ஆனா இது பழைய வலி இல்லம்மா. அது கடுக்கும். இது இழுத்துப் பிடிக்கி."

"அப்பப் பழசு போயிருச்சா?"

"தெரியல. புதுசு போடுற சத்தத்துல பழசு இருக்கா இல்லையான்னே கேக்கல."

எனக்கு அது பெரிய யோசனையாகிவிட்டது. ஒரு வலி எழுந்து போய், அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காருமா? நான் எந்த வலிக்காக நேர்ந்திருக்கிறேன்? விளக்கேற்றும்போதெல்லாம் ஆத்தாளிடம் இதைக் கேட்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் அவளே வந்து சொன்னாள். "சைபர்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீ செருப்பைப் போடு."

சாமி படத்தின் முன்னால் விழுந்து அழுதேன். வீட்டுக்காரர் அன்றே சிவகாசி பஜாரில் புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

அடுத்த மாதம் டாக்டரிடம் காட்டப் போனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வலி இருக்கா?" என்று கேட்டார். மகள் அவரையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து என் செருப்பைப் பார்த்தாள்.

"இல்ல சார்."

அவர் தோளுக்குக் கீழே விரலால் அழுத்தினார். அவள் உதட்டைக் கடித்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் காலுக்காக இத்தனை நாள் வலியை மறைத்திருக்கிறாள்.

"தாயி, நான் வெளிய போய் இருக்கேன். சார்கிட்ட உள்ளதைச் சொல்லு" என்று எழுந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மூணு இருக்காம். ரொம்ப நேரம் உட்கார்ந்து படிச்சா நாலு. கம்பியெல்லாம் சரியா இருக்கு, பயப்படாதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஏழுல இருந்த பிள்ளை இது. ஆனா சொன்னாத்தானம்மா பயிற்சியை மாத்திக் குடுக்க முடியும்? வலியோட பழைய பயிற்சியையே செஞ்சிக்கிட்டு இருந்திருக்கா."

வெளிவாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"அதைப் போடும்மா."

"ஆத்தாகிட்டக் குடுத்த வாக்கு தாயி."

"நீ வெறுங்காலோட நடந்தா, நாளைக்கே நான் மறுபடி சைபர்னு சொல்லுவேன். அப்புறம் எது நெசம்னு உனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

நான் பையை இழுத்து மூடினேன். அவள் கேட்டாள். "உனக்கு எம்புட்டும்மா?"

"எனக்கென்ன?"

"குழாய் சுருட்டிட்டு எந்திரிக்கும்போது இடுப்பைப் பிடிச்சிக்கிட்டுத்தான எந்திரிக்க?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அவளைப் போலவே கண்ணை மூடி உள்ளே பார்த்தேன். இருந்தது. "நாலு இருக்கும் போல."

"என்னைக்கிருந்து?"

"நீ பிறக்கிறதுக்கு முன்னாடியிருந்து."

"அதுக்கு யாரு செருப்பைக் கழட்டுனா?" என்று சிரித்தாள்.

எனக்கு சைபர் வேண்டுமென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு மட்டும் சைபரைத் தவிர எதையும் வாங்க மாட்டேன் என்று நின்றிருக்கிறேன். அந்த வாசலிலேயே மனசுக்குள் சொன்னேன். ஆத்தா, பிள்ளை நிமிர்ந்து நிக்கா, அது உன் புண்ணியம். சுத்தமான்னு கேட்டது என் பேராசை. வாக்குத் தப்புறேன். இவ என்கிட்ட மறைக்காம இருக்கணும், அதுக்காகத்தான் தப்புறேன். என்ன தண்டனைன்னாலும் எனக்கே குடு.

செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆத்தா ஏற்றுக்கொண்டாளா என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

பஸ் திருமங்கலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன். "இப்ப எம்புட்டு தாயி?"

"மூணு. குலுங்குறப்ப மூணரை."

"மூணரைன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா. கொஞ்ச நேரம் நின்னா குறையும்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்து, கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டாள்.