அலைச் சத்தம் கேட்காதவர்

சண்முகசுந்தரத்துக்குக் காது மந்தமானது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆவடி டாங்க் தொழிற்சாலையில் இன்ஜின் ஓட்டிப் பார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை. காதை மூடிக்கொள்ளக் கொடுத்த கவசத்தை, வேர்வை தாங்காமல் பாதி நாள் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பார். காது போய்விட்டது என்று தெரிந்தால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். இன்ஜினை விட்டுவிட்டு அங்கே போய் நட்டு போல்ட் எண்ண அவருக்கு மனசில்லை. அதனால் எதிராளியின் வாயைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். புரியாத இடத்தில் லேசாகச் சிரித்துத் தலையாட்டுவார். பிரிவில் எல்லோரும் அவரைச் சாது என்றார்கள்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் அம்மாவை எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று மகள் வர்ஷா பிடிவாதம் பிடித்தாள். மரக்காணம் தாண்டி ஒரு சின்ன மீனவர் குப்பத்தில் அவளே இரண்டு நாளைக்கு அறை பிடித்துக் கொடுத்தாள். அவர் மனைவி சுதா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனோடு வெளியூர் போய்த் தங்கியதில்லை. இரண்டு புதுப் புடவை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் முன்னால் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் படகுகள் கரைக்கு வந்திருந்தன. ஒருவன் படகு இன்ஜினைக் கழற்றி மணலில் வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். சண்முகசுந்தரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் குந்திவிட்டார். சுதா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். முதல் இரண்டு அலைக்குச் சிரித்தாள். மூன்றாவது அலை அவளைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே இழுத்தது.

“என்னங்க! என்னங்க!”

நாலைந்து தடவை கூப்பிட்டிருப்பாள். அவர் கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிய பிறகுதான் திரும்பினார். அதற்குள் இரண்டு பேர் அவளைத் தூக்கி வந்துவிட்டார்கள். புடவை நிறைய மணல். வலது மணிக்கட்டு வளைந்து தொங்கியது.

மீன் ஏலத்திலிருந்து ஓடிவந்த ஞானம்மாள் என்ற பெண் இவரைப் பிடித்துக்கொண்டாள். “இன்னா மனுசன்யா நீ? பொஞ்சாதி தண்ணியில கெடந்து அந்தக் கத்து கத்துது, நீ பாட்டுக்குக் குந்திக்கினு கீறியே!”

அவள் வாய் வேகமாக அசைவது மட்டும் தெரிந்தது. பதற்றத்தில் ஒன்றும் புரியவில்லை. பழக்கத்தில் லேசாகச் சிரித்துத் தலையாட்டினார்.

சுதா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் சுதாவின் கையில் கட்டுப் போட்டாள். அவர் சற்று முன்னால், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைப் பார்த்து சுதா சொன்னாள்: “நான் செத்திருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும் இல்ல?”

நர்ஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவர் திரும்பவே இல்லை. சுதா இன்னொரு தரம் உரக்கக் கூப்பிட்டாள். அதற்கும் அசைவில்லை. எழுந்து போய் அவர் எதிரில் நின்றாள்.

“காது கேக்கலையா?”

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். “ஆமா” என்றார்.

“எத்தனை வருஷமா?”

“ஆறேழு இருக்கும். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது, அரிசி களைந்துகொண்டே, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். பரிசோதனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மனசுக்குள் இவரை ஒதுக்கி வைத்தவள்தான். சோறு போட்டாள், துணி துவைத்தாள், சிரித்தும் பேசினாள். கடலோரம் போய்விட்டு வாருங்கள் என்று மகள் சொன்னபோதுதான், போகட்டும், இனிமேலாவது என்று நினைத்திருந்தாள்.

அந்தக் கட்டி விஷயத்தை இப்போது எதிரில் நின்று சொன்னாள். அவர் முகம் வெளிறியது. “நெசமா எனக்குத் தெரியாது சுதா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் நம்பினாள். நம்பியும் ஆறுதலாக இல்லை. இன்னொரு நாள் பாக்கி இருந்தும் அன்றே பஸ் ஏறிவிட்டார்கள்.

முத்தாபுதுப்பேட்டையில் வாடகை வீட்டுக்குக் குடி போனார்கள். வர்ஷா அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போய்க் காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தாள். குக்கர் விசில், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் அவருக்குக் கேட்டன. சாயங்காலம் மெஷினை மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். சுதா இன்னும் சரியாகக் கூடாத கையோடு மெதுவாக வெங்காயம் நறுக்குவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக எதையும் சொல்வதில்லை.

ஒரு நாள் அவரே கேட்டார். “ஏதாவது பேசேன் சுதா. இப்ப கேக்குது.”

கத்தியை நிறுத்தி யோசித்தாள். “என்னத்தப் பேசுறது” என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.