அவர்களுக்கு இரண்டு நாடு, எனக்கு ஒரு மேசை

டாக்டரிடம் காட்டப் பயப்படுகிற கோபத்தை நோயாளிகள் முழுதாக இறக்கி வைத்துவிட்டு, சாந்தமான முகத்தோடு உள்ளே போவதற்காகத்தான் மருத்துவ நிலையங்களில் வரவேற்பு மேசை என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவள் நான். வங்கியிலோ தபால் கந்தோரிலோ பாடசாலை அலுவலகத்திலோ இப்படி ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து பேச்சு வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

எங்களுடையது ஜெர்மனியின் வடமேற்கில், முன்பு பிரித்தானிய இராணுவ முகாம் இருந்த சின்ன ஊர். முகாம் மூடியதும் சிப்பாய்கள் போய்விட்டார்கள். ஜெர்மன் பெண்களைக் கட்டியவர்களும், மலிவாக வீடு வாங்கியவர்களும் மிஞ்சினார்கள். நான் மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தவள். அகதியாக வந்து, தொழிற்பயிற்சி முடித்து, இந்த வேலையில் சேர்ந்த அன்றைக்கே கூட வேலை செய்யும் சபீனா ஆங்கிலம் பேசுகிற ஓய்வூதியக்காரர் அத்தனை பேரையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். அவர்கள் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் சொன்னதை நான் எங்கள் தமிழில் தருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லொறியில் வந்தவர்

கோர்டன் இராணுவத்தில் லொறி ஓட்டியவர். இந்த ஊர்க்காரி ஹெல்காவைக் கட்டி நாற்பது வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார். ஆனாலும் அடிக்கடி இங்கிலாந்துக்குப் போய்வருவார். உடம்பையே இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார்: பல்லும் கண்ணும் அங்கே, இதயமும் முழங்காலும் இங்கே.

ஒரு திங்கட்கிழமை காத்திருக்கும் அறை நிரம்பி வழிந்தது. பிள்ளையோடு ஓர் ஆப்கான் தாய், போலந்துக் கட்டட வேலைக்காரர் இரண்டு பேர், துருக்கி அம்மாக்கள். கோர்டன் மேசையில் முழங்கையை ஊன்றி, இரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: "பார்த்தியா பிள்ளை, ஊர் முழுக்க வெளிநாட்டுக்காரர். டாக்டரைப் பார்க்க ஒரு டெர்மின் எடுக்க ஏலாமல் கிடக்கு."

நான் என் கையைப் பார்த்தேன். அது வெளுத்திருக்கவில்லை. "நீங்களும் வெளியிலிருந்து வந்தனீங்கள்தானே?" என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. நிமிர்ந்து நின்று சொன்னார்: "அது வேறை. நாங்கள் வரேக்கை விசா கேட்க இஞ்சை ஒருத்தனுக்கும் துணிவு இருக்கேல்லை. இராணுவ லொறியிலை வந்தனாங்கள்."

டெனிஸின் முழங்கால்

மொரீன், டெனிஸ் தம்பதி வேறு ரகம். வதிவிடப் பதிவெல்லாம் இங்கிலாந்தில். இங்கே தோட்டத்தோடு ஒரு வீடு. முன்பெல்லாம் வசந்தத்தில் வந்தால் இலையுதிரும்வரை இருப்பார்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபிறகு மூன்று மாதத்துக்கு மேல் தங்க முடியாது என்று ஆகிவிட்டது. அந்த முறை ஜூலை முடிவில் அவர்கள் புறப்பட வேண்டும். தக்காளி அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது.

மொரீன் வந்து, டெனிஸுக்கு முழங்கால் மோசம், பயணம் செய்ய முடியாது என்று டாக்டர் ஒரு கடிதம் தரவேண்டும் என்றார். டெனிஸ் அவருக்குப் பின்னால் தடியை ஊன்றி, நாடகத்தில் வருகிற கிழவரைப்போல் நொண்டினார். எங்கள் டாக்டரம்மா பொல்லாதவர். பேச்சோடு பேச்சாக, "உருளைக்கிழங்கு எப்படி இந்த வருஷம்?" என்று கேட்டார். டெனிஸின் முகம் மலர்ந்துவிட்டது. தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தான் எப்படிக் குந்தியிருந்து கிண்டினார் என்று தரையில் குந்திக் காட்டி, ஒரு கையும் ஊன்றாமல் எழும்பினார்.

கடிதம் கிடைக்கவில்லை. வெளியே வந்த மொரீன் புருஷனைப் பார்த்த பார்வையில் முழங்கால் உண்மையிலேயே போயிருக்கும். ஒன்றியத்தை விட்டுப் போகவேண்டும் என்று தாங்களும் வாக்களித்ததாக இதே மொரீன் முன்பு என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். "நீங்கள் கேட்டதுதானே நடந்திருக்கு?" என்று மெல்லச் சொன்னேன். அவர் கைப்பையைப் படாரென்று மூடினார்.

"நாங்கள் வாக்குப் போட்டது மற்ற ஆட்கள் வராமல் இருக்க. எங்களைக் கலைக்க இல்லை."

நம்மவரும் சளைத்தவரில்லை

வெள்ளைக்காரரை மட்டும் சொல்லி நம்மவரை விட்டால் கோவிப்பீர்கள். யோகநாதன் அண்ணை கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் முழுக்க யாழ்ப்பாணத்தில். போகுமுன் ஒரு பெட்டி நிறைய மாத்திரை எழுதித் தரச்சொல்லி மேசையில் வந்து நிற்பார். இங்கே நிற்கிற காலம் முழுக்க இந்த நாட்டைத் திட்டுவார்: மனிசருக்கு முகமில்லை, பாணிலே ருசியில்லை, சத்தம் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆணி அடிக்க ஏலாது. அங்கே போனால், பஸ் நேரத்துக்கு வராது, ஒருத்தனுக்கும் வரிசையில் நிற்கத் தெரியாது, குப்பையைப் பிரித்துப் போடத் தெரியாது என்று அங்கேயுள்ள சொந்தக்காரருக்கு வகுப்பு எடுப்பார். அண்ணையின் மருந்து விஷயமாக எடுத்த சொந்தக்காரரே எனக்கு இதைத் தொலைபேசியில் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

"இவ்வளவு கரைச்சல்பட்டு ஏன் அண்ணை வருஷா வருஷம் போறியள்?" என்று ஒருநாள் கேட்டேன். அண்ணை மருந்துத்துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். சுற்றிப் பார்த்தார். தமிழ் விளங்கக்கூடிய யாரும் இல்லை என்று தெரிந்ததும் சொன்னார்: "இஞ்சை நான் முப்பது வருஷமாய் இலங்கையன். அங்கை போனால்தான் பிள்ளை என்னை ஜெர்மன்காரன் எண்டு சொல்லுறாங்கள்."

ஹெல்கா ஓய்வு பெற்றார்

கோர்டனின் மனைவி ஹெல்காவுக்குப் பாரிசவாதம் வந்தது, மொரீன் கடிதம் கேட்டு வந்த அதே வருஷம்தான். கை கால் ஓரளவு தப்பிவிட்டன. பேச்சும் மெல்லத் திரும்பியது. ஆனால் ஜெர்மன் மட்டும்தான் திரும்பியது. பிறகு படித்த மொழி போய்விடுவதும், தாய்மொழி நிற்பதும் சிலருக்கு நடக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். கோர்டனுக்கோ ஜெர்மனில் பியருக்கும் நன்றிக்கும் மேலே ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷமும் வீட்டில் ஆங்கிலம், கடையில் ஹெல்கா, கந்தோரில் ஹெல்கா, எங்கள் மேசைக்கு முன்னாலும் ஹெல்கா.

இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்க வந்தபோது நான் நடுவில் கதிரை போட்டு இருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதிக்கு மன்னார்க்காரி மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோர்டன், "இரவிலை இவ என்னவோ திரும்பத் திரும்பக் கேட்கிறா, எனக்கு விளங்குதில்லை. கேட்டுச் சொல்லு" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஹெல்கா கேட்டது தண்ணீர். வாசர், வெறும் வாசர். அதுகூட மனுஷருக்குப் பிடிபடவில்லை. பயத்தில் காது அடைத்துப்போயிருக்க வேண்டும். நான் சொன்னதும் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

ஹெல்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து என்னிடம் சொன்னார்: "நாற்பது வருஷம் நான் இவருடைய மொழியிலை வேலை செய்தனான். இப்ப ஓய்வு எடுத்திட்டன் எண்டு சொல்லு."

கரண்டியும் கத்தியும்

கோர்டன் மாலைநேர மொழி வகுப்பில் சேர்ந்தார். சேர்த்துவிட்டது நான். என் பக்கத்து வீட்டுக்காரி அங்கே படிப்பிக்கிறாள். வகுப்பிலே சிரியாக்காரர், எரித்திரியாக்காரர், உக்ரேனியர் எல்லாருக்கும் நடுவில் இவர்தான் கடைசி. ஒரு சிரியப் பல்வைத்தியர் இவருக்குப் பக்கத்தில் இருந்து திருத்திக் கொடுப்பாராம். இரண்டு தரம் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார். மூன்றாம் கிழமை தானாகவே திரும்பி வந்தார்.

இரத்தம் குத்தி எடுக்க வந்த ஒரு காலை, ஊசி ஏறும்போது கூட முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன என்று சபீனா ஜெர்மனில் கேட்டாள். அவர் முதல்முறையாக அவளுக்கு ஜெர்மனில் பதில் சொல்லப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கொட்டினார்: "இந்த மொழியிலை ஒவ்வொரு சாமானுக்கும் ஆண், பெண் பாக்க வேணும்: கரண்டி ஆம்பிளை, முள்ளுக்கரண்டி பொம்பிளை, கத்தி இரண்டும் இல்லை. இப்பிடிச் சாப்பாட்டு மேசை வைக்கிற சனத்தோடை எங்கட ஆட்கள் இரண்டு தரம் சண்டைக்குப் போயிருக்கிறாங்களே!"

அக்கா வந்தார்

கடைசியாக இங்கிலாந்திலிருந்து கோர்டனின் அக்கா பிரெண்டா வந்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார். இரண்டு கிழமையில் இருமல் பிடித்து, கோர்டனோடும் பரிசோதனைக்கு வந்த ஹெல்காவோடும் எங்களிடம் வந்து சேர்ந்தார். மேசைக்கு முன்னால், எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்: ஹெல்காவை இங்கே நல்ல பராமரிப்பு இல்லம் ஒன்றில் விடலாம், வந்து வந்து பார்க்கலாம், இந்த வயதிலே என்ன மொழி, என்ன வகுப்பு, சொந்த நாட்டிலே சொந்த மொழியிலே நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

கோர்டனுக்கு ஆசை வந்ததை நான் அவர் முகத்தில் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே ஆசை வந்தது. அங்கே கடைக்காரனோடு பகிடி விடலாம், தொலைக்காட்சி விளங்கும், பேப்பரை ஆறுதலாக வாசிக்கலாம். அதற்குள் டாக்டரின் அறைக்குள்ளிருந்து ஹெல்காவின் குரல் வந்தது. புருஷன் சப்பாத்தைத் துடைக்காமல் வீட்டுக்குள் வந்து விரிப்பெல்லாம் சேறாக்கிவிட்டார் என்று டாக்டரம்மாவிடம் ஜெர்மனில் முறைப்பாடு. கோர்டன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

"அங்கை எல்லாம் விளங்கும், பிரெண்டா. ஆனால் என்னை ஏச அங்கை ஒருத்தரும் இல்லை."

என் அனுபவத்தில், இரண்டு நாடு உள்ள மனிதருக்கு நல்ல டாக்டரும் நல்ல காலநிலையும் எப்போதும் மற்ற நாட்டில்தான் இருக்கும், பேச்சு வாங்குகிற மேசை மட்டும் இந்த நாட்டில் இருக்கும்.