வாசலில் நிற்கக் கூடாத வண்டி

வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் நாய்க்குப் பயப்படுவார்கள். எங்கள் வேலையில் நாயைத் தவிர மற்ற எல்லாரும் எங்களைக் கண்டு பயப்படுகிறார்கள். புற்றுநோய் முற்றி, இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தேடிப் போய், புண்ணைக் கழுவி, வலிக்கு மாத்திரை கொடுக்கிற நர்ஸ் நான். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை வரைக்கும் ஒரே வண்டி, டிரைவர் ரவி, நான். சிலிண்டர் தூக்குகிறவர்களே, மீட்டர் பார்க்கிறவர்களே, உங்களைப் பார்த்து வாசலில் யாரும் அழுவதில்லை.

மாவு மில்

கள்ளக்குறிச்சியில் ஒரு தெருவில், எங்கள் வண்டி நின்ற வீட்டு முன்னால் அடுத்த வாரமே சாவுப் பந்தல் போட்டார்கள். அதே தெருவில் நாங்கள் பார்க்க வேண்டிய இன்னொரு வீட்டில், வண்டியை வாசலில் நிறுத்தாதீர்கள், அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள் என்று கெஞ்சினார்கள். சரி என்று தெருமுனை மாவு மில் எதிரில் நிறுத்திவிட்டு, மருந்துப் பையை ஒயர் கூடைக்குள் மறைத்துக்கொண்டு திருடி மாதிரி நடந்து போனேன்.

மூன்றாவது முறை மில்காரர் கையெல்லாம் மாவோடு வெளியே வந்தார். கோபப்படவில்லை. முகம் வெளுத்திருந்தது மாவாலா பயத்தாலா என்று தெரியவில்லை. "மேடம், எங்க வூட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். வண்டிய கொஞ்சம் தள்ளி போட்டுக்கினீங்கன்னா நல்லாருக்கும்."

எரவாணம்

மலைமேல், கரியாலூர் தாண்டி ஒரு சின்ன ஊர். பாப்பாத்திக்கு நாற்பது வயது, மார்பில் புண், வலி எலும்பு வரை இறங்கியிருந்தது. நான் போனபோது முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அவர் கணவர் அண்ணாமலை என் மாத்திரையைக் கையில் வாங்கவே தயங்கினார். காரணம் இருந்தது. போன வருடம் அவருடைய பங்காளிக்கு இதே மாத்திரையைக் கொடுத்தது நான்தான். அந்த வீட்டில் என்னைக் கூப்பிட்டதே கடைசி வாரத்தில். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். கொன்றது நோய், மாத்திரை இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும், வாய் உலரும், மலம் இறுகும் என்று எல்லாம் விளக்கினேன். அண்ணாமலை மாத்திரையைத் துணியில் முடிந்து, கூரை எரவாணத்தில் செருகிவிட்டார். "நீங்க கீழ எறங்கி பூடுவீங்க நர்ஸம்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா, என் கையால குடுத்தேன்னு நான்தான இருக்கணும்."

மிஸ்டு கால்

அந்த ஊரில் சிக்னல் கிடையாது. தண்ணீர் டேங்க் வரை மேடு ஏறினால்தான் கிடைக்கும். அண்ணாமலை தினமும் காலையில் ஏறி, பாப்பாத்தி தூங்கியிருந்தால் ஒரு மிஸ்டு கால், தூங்காவிட்டால் இரண்டு என்று பேசி வைத்தோம். நான்கு நாள் இரண்டிரண்டாக வந்தது. மாத்திரை எரவாணத்திலேயே இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் ஒன்றுமே வரவில்லை. ஆறாம் நாளும் இல்லை. சின்னசேலத்தில் ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே நான்கு முறை போனைப் பார்த்தேன். கொடுத்துவிட்டார், தப்பாகக் கொடுத்துவிட்டார், இரண்டாவது ஆளும் என்னால்தான் போய்விட்டார் என்றே தோன்றியது. ரவி வண்டியை மலைக்குத் திருப்பினார். அந்த வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினேன்.

உள்ளே பாப்பாத்தி தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக இருந்தது. தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார். ஐந்தாம் நாள் விடிகாலையில் அவர் கதறியது பொறுக்காமல்தான் அண்ணாமலை மாத்திரையை எடுத்திருக்கிறார். வேளைக்கு எழுப்பிக் கொடுத்தால் விழுங்கிவிட்டு மறுபடி தூங்கிவிடுவாராம். மாதக்கணக்கில் வலியோடு விழித்திருந்த உடம்பு, வலி விட்டதும் முதலில் தூங்கித்தான் தீர்க்கும். மலம் இறுகுவது வரை சொன்ன நான், இதைச் சொல்ல மறந்துவிட்டேன். மேடு ஏறி இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அந்த மனிதர் இடத்தை விட்டு அசையவில்லை. போனை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பக்கூடத் தோன்றவில்லை. வாசலில் நின்றவர்கள், இப்படித் தூங்குகிறாளே என்று பயந்து வந்த அக்கம்பக்கத்தார்.

பாப்பாத்தி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். பிறகு கணவரைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு நாளா எம் மூக்காண்ட கைய வச்சிக்கினே குந்திக்கினு இருக்காரு. அவருக்கும் ஒரு மாத்திர குடுங்கம்மா, செத்த நேரம் தூங்கட்டும்."

வாசல்

அதற்கப்புறம் பாப்பாத்தி இரண்டு மாதம் இருந்தார். அநேகமாகத் தினமும் ஒரே மிஸ்டு கால். கடைசியில் ஒரு காலையில் போன் நிற்காமல் அடித்தது. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தாமல் போய்ச் சேர்ந்தாள் என்று மட்டும் அண்ணாமலை சொன்னார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த மாதம் அதே ஊரில் வேறொரு வீட்டுக்காரரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வாசலில் நிறுத்தினால் பயப்படுவார்களே என்று ரவி டேங்க் பக்கம் வண்டியை நிறுத்தப் போனார். அண்ணாமலை ஓடி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டு, நேராக அந்த வீட்டு வாசலுக்கே விடச் சொன்னார். வீட்டுக்காரம்மா கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அண்ணாமலை இறங்கிப் போய்ச் சொன்னார்: "எங்க வூட்டாண்ட நின்ன வண்டிதான், உள்ள வுடு. மாத்திர போட்டா நல்லா தூங்குவாரு, பயப்படாத. மூக்காண்ட வேணும்னா நான் வந்து குந்திக்கிறேன்."

இப்போது அந்த ஊரில் யார் வீட்டு வாசலில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தலாம். காலையில் அங்கிருந்து மிஸ்டு கால் கொஞ்சம் தாமதமானால் பயந்து சாகிறவள் நான் ஒருத்திதான்.