அறுந்துபோகாத ஏரியல் கம்பி

கொழும்புக்குத் துணிக்கடை வேலைக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து வருஷக்கணக்கில் தகவலே இல்லை. திரும்பி வருவாரா, என்னை விட்டேவிட்டாரா என்று தெரியாமல், பெரிய காஞ்சிபுரத்தில் மாமனாரின் தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டு கிடந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒருவர்தான் சொன்னார்: வருகிற ஞாயிறு மத்தியானம் அந்த ஊர் ரேடியோவில், சொந்த ஊர்க்காரர்களுக்குச் சேதி சொல்லும் நிகழ்ச்சியில், அவர் பேசப்போகிறாராம்.

அன்றைக்குத் தெருவே எங்கள் வீட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தது. யார் யாரோ பேசினார்கள். அவர் முறை நெருங்கும் நேரத்தில் குரல்கள் கரைந்து, இரைச்சலாகி, அதுவும் அடங்கிப்போனது.

"உன் வீட்டுக்காரர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே ரேடியோ வாய மூடிக்கிச்சு பாருடி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். சாமர்த்தியமான பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்குப் பிடிக்கும். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மாமனார் எழுந்துவிட்டார். பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி, அதன் முனையைக் கண்டுபிடித்து முறுக்கிய பிறகுதான் அவருக்கு அடுத்த வேலை.

"கம்பி எங்கியோ அறுந்துக்கினு இருக்குது."

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் மாமா."

"அறுந்தது தானா ஒட்டிக்குமா? நீ சும்மா இரும்மா."

மாடியிலிருந்து ஏரியல் கம்பியை இறக்கி, விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு வந்தார். எங்கும் அறுந்திருக்கவில்லை. சந்தேகப்பட்ட ஓரிடத்தில் வெட்டி, பட்டிழையை இணைப்பதுபோலச் சாம்பல் தொட்டு முறுக்கினார். மறுபடி மேலே கட்டியபோது பாட்டு கணீரென்று கேட்டது. நிகழ்ச்சி முடிந்திருந்தது.

"பாத்தியா? கம்பிதான்" என்றார்.

டீக்கடை ரேடியோவும் அப்படித்தான் அடங்கியதாம். கடைக்காரர் கையே வைக்கவில்லை. சத்தம் தானாகத் திரும்பி வந்து, என் வீட்டுக்காரர் பேசியது அங்கே கேட்டிருக்கிறது. ஓடினேன். "சௌக்கியமா இருக்கறேன்னாரு" என்றார் ஒருவர். "தீவாளிக்கு வரேன்னாரும்மா" என்றார் இன்னொருவர். கடைக்காரர் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸ் கழுவிக்கொண்டே, "எரைச்சல்ல எனக்குச் சரியா விழலம்மா" என்றார்.

தீபாவளிகள் வந்தன. அவர் வரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், ரேடியோவில் ஒருவர் சூரியனைப் பற்றிப் பேசினார். தொலைநோக்கி வந்த காலத்திலிருந்து அதன் கரும்புள்ளிகளை எண்ணி வருகிறார்களாம். ஏறக்குறைய பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் அவை பெருகிக் குறையுமாம். ஒரு காலத்தில் இரண்டு மூன்று தலைமுறைக்குப் புள்ளிகளே அரிதாம். போன நூற்றாண்டில் சூரியன் சீறியதில் தந்தி ஆபீஸ்களில் பொறி பறந்ததாம். புள்ளிகள் மிகுந்த வருஷங்களில் அது திடீரென்று வெடித்து ஒளிர்ந்தால் மேல்காற்று கலங்கும், பகலாயிருக்கும் பக்கத்தில், தூரத்து ஊர் ரேடியோவைக் கொண்டுவரும் சிற்றலை செத்துப்போகும் என்றார். "பெட்டியிலோ கம்பியிலோ கோளாறு இல்லை. அப்படியே விட்டுவிட்டால் சற்று நேரத்தில் தானே வந்துவிடும்."

சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாரின் கை தட்டிலேயே நின்றது.

"அத்த நிறுத்தும்மா."

நான் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினேன்.