ஆறு மணிக்கு விசில் அடித்தவன்

ஒரு குருவிக்கு அடிப்பதற்காகப் பூவரசந்தடி முறித்துக்கொண்டு போன மனிதன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருவி செய்த குற்றம், பெண் பிள்ளைகளைப் பார்த்து விசில் அடித்தது. அதன் தகப்பனின் பெயரைக்கூட விசாரித்தேன். இதை நான் சொல்லாவிட்டால் என் மச்சான் சொல்வான். அவன் சொன்னால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வான்.

எங்கள் மாதா கோயில் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கிறது. அதை ஒட்டியே சேமக்காலை. முன்பக்கத்தில் மாபிள் பதித்த புதுக் கல்லறைகள். பின்பக்கம் பழசு. நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்த ஆண்டுகளில் காடு அங்கே வந்து குடியேறிவிட்டது. மீள்குடியேற்றத்துக்கு அது எந்த அலுவலகத்திலும் வரிசையில் நிற்கவில்லை. கல்லறைகளுக்கு நடுவே பாலையும் வீரையும் எழும்பின, சிலுவைகளில் பிரண்டை ஏறியது. திரும்பி வந்தபோது முன்பக்கத்தைத் துப்புரவாக்கிவிட்டு, பின்பக்கத்தைப் பிறகு பார்ப்போம் என்று விட்டோம். அந்தப் பிறகு சென்ற வருடம்தான் வந்தது. கொண்டுவந்தவன் நான்.

கோயில் சபைக் கூட்டத்தில் எழும்பினேன். "மண் கிண்டுற பெக்கோ ஒண்டைப் பிடிச்சுப் பற்றையெல்லாம் வழிச்சு எடுத்தால், சேமக்காலை கிரிக்கெட் மைதானம் மாதிரி வரும்" என்றேன். கைதட்டினார்கள். அந்தச் சபையில் அதற்கு முன் நான் சொன்ன எதற்கும் எவரும் கைதட்டியதில்லை. அன்று வீட்டுக்கு நடந்தபோது என் கால் நிலத்தில் படவில்லை. நவம்பரில் மரித்தோர் நாள் வருமுன் வேலையை முடிப்பதென்று முடிவாயிற்று.

ஒக்டோபர், செபமாலை மாதம். பின்னேரங்களில் பெண் பிள்ளைகள் சேமக்காலை மதிலோரமாகக் கோயிலுக்கு நடப்பார்கள். ஒருநாள் என் மனைவி செருப்பையும் கழற்றாமல் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, சேமக்காலைப் பற்றைக்குள்ளை ஆரோ பொடியன் ஒளிச்சிருந்து பெட்டையளுக்கு விசில் அடிக்கிறான். ஒவ்வொரு நாளும் சரியா ஆறு மணிக்கு."

"மணிக்கூடு கட்டின காவாலி போலை."

"பகிடி விடாமல் போய்ப் பாருங்கோ. தாய்மார் எல்லாம் பெக்கோ எப்ப வரும் எண்டு கேக்கினம்."

மறுநாள் தடியோடு போய் ஒரு பழைய கல்லறைக்குப் பின்னால் குந்தினேன். முழங்கால்கள் இரண்டும் முறைப்பாடு செய்தன. சற்று நேரத்தில் விசில் வந்தது. முதல் சுரம் மேலே ஏறியது, இரண்டாவது வழுக்கி இறங்கியது. நன்றாகப் பழகிய வாய்.

"வாடா வெளியிலை" என்றேன்.

மறுபடியும் விசில்.

"ஆற்றை மோன் நீ? கொப்பற்றை பேர் என்ன?"

சருகு சரசரத்தது. வெளியே வந்தவன் ஒரு சாண் உயரம்கூட இல்லை. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கள்ளனைப்போல் கறுப்புப் பட்டை. காயாத பெயின்ற் மேல் குந்திவிட்டு எழும்பியதுபோல் வாலுக்குக் கீழே சிவப்பு. வால் பாதியில் முடிந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையை அண்ணாந்து இன்னொரு விசில் அடித்தது. அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி ஆறு அடித்தது.

ஆறுமணிக்குருவி! பெயரைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். குற்றவாளியின் பெயரிலேயே குற்றம் நடந்த நேரம் இருந்தும் எனக்கு மண்டையில் ஓடவில்லை. மாரிக்கு முன் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகிற குருவி அது. அதன் தகப்பனைப் பற்றி விசாரிப்பதென்றால் நான் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

மதிலுக்கு அப்பால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி, சபைச் செயலாளர்.

"அத்தான், அடையாள அட்டையையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

அவன் குருவியைக் காணவில்லை. என்னைத்தான் கண்டான்.

அவன் போன பிறகும் நான் எழும்பவில்லை, முழங்காலும் விடவில்லை. ஒரு இரும்புச் சிலுவையின் கையில் தேன்சிட்டின் கூடு தொங்கியது. வெடித்த கல்லறையின் இடுக்கால் சிறு தேனீக்கள் போய் வந்தன. நட்சத்திர ஆமை ஒன்று பந்தியில் முதல் வரிசை கிடைத்தவரைப்போல், விழுந்த பழத்தை ஆறுதலாகத் தின்றது. தரை முழுவதும் சருகு. அதைப் புரட்டித்தான் குருவி புழு தின்கிறது. அந்தச் சருகைத்தான் திங்கட்கிழமை பெக்கோ வழிக்கப் போகிறது. அழைத்தவன் நான். தடியைப் போட்டுவிட்டு மச்சானிடம் ஓடினேன்.

"பெக்கோக்காரனுக்குச் சொல்லியாச்சு அத்தான். கைதட்டு வாங்கேக்கை யோசிச்சிருக்கோணும்."

ஞாயிறு பூசை முடிய, சனத்துக்கு முன்னால் நின்று, விசில் அடிப்பது பொடியன் இல்லை, குருவி, காட்டை விடுங்கள் என்றேன். கோயிலே சிரித்தது. ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆற்றை பொடியன் எண்டு சொல்லுங்கோவன். சொந்தக்காரப் பொடியனைப் பிடிச்சுப்போட்டுக் குருவி எண்டு மறைக்கிறியளோ?"

பங்குச் சுவாமியார் கையை உயர்த்தினார். "இண்டைக்கு ஆறு மணிக்கு எல்லாரும் போய்ப் பாப்பம். பொடியன் எண்டால் பெக்கோ வரும். குருவி எண்டால் வராது."

பின்னேரம் மதிலோரத்தில் திருநாள் கூட்டம். பெண் பிள்ளைகள், தாய்மார், சுவாமியார், கச்சான் கடலை கொறித்தபடி மச்சான். கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்தது. பற்றைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"உங்கடை குருவிக்கு ஞாயிறு லீவோ அத்தான்?"

வேறு வழி தெரியவில்லை. உதட்டைக் குவித்து, அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் சுவாமியாருக்கும் முன்னால், இந்த வயதில், அதே இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடித்தேன். மனைவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

பற்றைக்குள்ளிருந்து பதில் வந்தது. வீரை மரத்தடியிலிருந்து இன்னொன்று. மூலையிலிருந்து மூன்றாவது. பிறகு என் ஆள், அதே கறுப்புப் பட்டையோடு, கல்லறை ஒன்றின் மேல் துள்ளி ஏறி, எல்லாரையும் பார்த்துத் தலையை அண்ணாந்து அடித்ததே ஒரு விசில்! பெண் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சானின் கச்சான் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. என்னைச் சந்தேகித்த தாய் மெல்லச் சொன்னார்: "உதுக்குப் பயந்தோ என்ரை பிள்ளை ரெண்டு கிழமையாச் சுத்துப் பாதையாலை நடந்தவள்."

"பெக்கோ வேண்டாம்" என்றார் சுவாமியார்.

திங்கட்கிழமை வந்த இயந்திரத்தைக் கோயில் முற்றத்து வாய்க்கால் வெட்ட விட்டோம். பழைய சேமக்காலையைச் சுற்றிக் கயிறு கட்டினோம். கயிற்றுக்கு உள்ளே எவரும் கத்தியோ மண்வெட்டியோ வைக்கக் கூடாது என்று சபையில் நான் முன்மொழிந்தேன். என் வாழ்க்கையின் இரண்டாவது கைதட்டு, முதலாவதைவிடப் பெரிது.

மரித்தோர் நாளில் முன்பக்கக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றினோம். பின்பக்கத்தில் கிடப்பவர்களுக்காகக் கயிற்றோரமாக நீள வரிசையில் ஏற்றினோம். அந்த வரிசைக்குப் பின்னால் ஆமை சுற்றுப்பிரகாரம் வந்தது. உள்ளேயிருந்து ஆறு மணி விசில் கேட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். என் நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

"நான் செத்தால் என்னை அந்த வீரை மரத்தடியிலை தாட்டுப் போடுங்கோ. ஒவ்வொரு நாளும் உதைக் கேட்டுக்கொண்டு கிடப்பன்" என்றேன் மனைவியிடம்.

அவள் அணைந்த திரி ஒன்றைத் திரும்பவும் கொளுத்தினாள்.

"அங்கை மண்வெட்டி வைக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."