மாமா போட்ட கும்பிடு

போன மாதம் என் தாய்மாமா இறந்தபோது தெருமுனையில் இரங்கல் பேனர் கட்டியிருந்தார்கள். இரண்டு முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்பதற்குக் கீழே, 'வழியில் யார் கை நீட்டினாலும் வண்டியை நிறுத்தியவர்' என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை. அவர் எப்போதிலிருந்து நிறுத்த ஆரம்பித்தார் என்பது எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா முதல்முறை ஜெயித்திருந்தார். ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பெண்ணுக்கு ஊர் பழகட்டும் என்று, பரீட்சை லீவில் அம்மா என்னை அவருடைய ஜீப்பில் ஏற்றிவிட்டாள். எனக்கு ஒரு வேலையும் இருந்தது. எம்.எல்.ஏ.வுடைய நாளில் பாதி கல்யாண வீட்டிலும் மீதி சாவு விழுந்த கேத வீட்டிலும் போய்விடும். பின்சீட்டில் எப்போதும் இரண்டு வகை மாலை கிடக்கும். கல்யாணத்துக்கு ரோஜா, கேதத்துக்குச் சம்பங்கி. ஒன்றோடொன்று படாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழியில் ஆள் தெரிந்தால் மாமாவின் கைகள் தாமாகவே குவிந்துகொள்ளும். ஒருமுறை சோளக்காட்டுப் பொம்மைக்கும் கும்பிடு போட்டுவிட்டார்.

"அதுக்கு ஓட்டு இல்ல அண்ணாச்சி" என்றார் டிரைவர்.

"அதுக்குப் பின்னால எவனாச்சும் குத்தவச்சிருப்பாம்லே" என்றார் மாமா.

அன்று வைகாசி முகூர்த்தம். ஆமத்தூரில் ஒரு கட்சிக்காரர் மகளுக்குக் கல்யாணம். மாமாதான் தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தூரத்தில் டம்மென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கம் அந்தச் சத்தத்துக்கு யாரும் என்ன என்று கேட்பதில்லை. எங்கே என்றுதான் கேட்பார்கள்.

தாயில்பட்டி தாண்டி மண்பாதை பிரிகிற ஒரு விலக்கில், உள்ளேயிருந்து ஓடிவந்த ஒருவர் துண்டை வீசினார்.

"பட்டாசு ஆபீஸ்ல என்னமோ ஆகிப்போச்சு போல. நிறுத்தட்டுமா அண்ணாச்சி?"

"நிறுத்துனா கேதஞ் சொல்லீருவாம்லே. காதுல வாங்கிட்டுக் குளிக்காமத் தாலியத் தொட முடியுமா? முகூர்த்தம் போயிரும். நீ போ, வரும்போது பாத்துக்கிடலாம்."

சாவு காதில் விழாத வரைக்கும் தீட்டில்லை என்பது எங்கள் வழக்கம். துண்டுக்காரர் ரோட்டின் நடுவுக்கே வந்துவிட்டார். மாமா அவரைப் பார்த்து நன்றாகக் கும்பிட்டார். ஜீப் ஒதுங்கிப் போய்விட்டது.

நல்ல நேரத்தில் தாலி ஏறியது. திரும்பும்போது தாம்பூலப் பையிலிருந்த லட்டைத் தின்றுகொண்டே வந்தேன். சம்பங்கி மாலையில் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. காலையில் கடந்துபோன விலக்கில் திரும்பி, கேத வீட்டு வாசலில் ஜீப் நின்றதும் மாமா என்னை ஒரு பார்வை பார்த்து, மாலையை உதறி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் ஜீப்பிலேயே இருந்தேன். காலையில் பார்த்த துண்டுக்காரர் பக்கத்தில் வந்தார். சட்டையெல்லாம் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்து அப்பியிருந்தது.

"தாயி, காலைல இந்த வண்டிலதான போனீக?"

தலையாட்டினேன்.

"தம்பிக்கு அப்ப உசுரு இருந்துச்சு தாயி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் துண்ட வீசுனேன். வேற வண்டி சிக்கல. எம்.எல்.ஏ. என்னயப் பாக்கலையாக்கும்?"

அதற்குள் மாமா வெளியே வந்து அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். வெளி ஆட்களிடம் நான் பேசியதே இல்லை. ஆனால் மாமாவை மரியாதை தெரியாதவர் என்று ஒருவர் நினைக்கலாமா?

"பாத்தாகளே" என்றேன். "உங்களக் கும்பிடக்கூட செஞ்சாக."

அவர் திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமாவின் கைகள் வழக்கம்போல எழும்பின. நெஞ்சு வரை வந்து, சேராமல் இறங்கிவிட்டன.

திரும்பும் வழியில் ஒரு கிழவி முதுகு சொறியக் கையைத் தூக்கினாள். மாமா ஜீப்பை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நிறுத்தினார். அடுத்த தேர்தலில் அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள், ஜெயித்தார்.

அந்தக் கேதத்துக்கு மறுநாள் நான் குளித்துச் சடை போட்டுக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றேன். "இனிமே வேண்டாம் தாயி" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். சம்பங்கி மாலையில் லட்டைச் சிந்தியதற்குத்தான் இந்தக் கோபம் என்று வெகுநாள் வருத்தப்பட்டேன். மற்றபடி, அவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்த பெருமை எனக்கு இருந்தது.